பஞ்சு வைத்த காது

பதினைந்து வயது வரை அவள் வயலின்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் இசைப்பள்ளி ஆசிரியை பாதி வாசிப்பில் நிறுத்தி, அவள் இடது கையைப் பிடித்து நீட்டிப் பார்த்து, "உனக்குக் கை நீளம். வியோலாவுக்குப் போயிடு" என்று சொல்லிவிட்டார். வகுப்பில் இருந்தவர்கள் அன்றைக்கே அவளுக்கு 'நீளக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வீட்டில் போய்ச் சொன்னபோது அம்மாவின் காதில் பாதிதான் விழுந்தது. "கை நீளமா? என் பொண்ணு அங்க என்னத்தைத் திருடிட்டா?" என்று அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டக் கிளம்பிவிட்டாள். அப்பா, லிஃப்ட் மெக்கானிக், நிதானமான மனிதர். வாசலில் மறித்து உட்கார வைத்து, வியோலா என்றால் என்ன என்று மகளையே விளக்கச் சொன்னார். பார்க்க வயலின் போலத்தான் இருக்கும். உடம்பு கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் கீழே. மெட்டை வயலின் எடுத்துக்கொள்ளும், அடியில் நின்று தாங்குவது வியோலா. "அதாவது வேலை உனக்கு, பேரு இன்னொருத்திக்கு" என்றாள் அம்மா. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். துவைத்துத் தேய்த்து வந்த விரிப்பையும் வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பார்க்காமல் அடுக்க மாட்டாள்.

அடுத்த வாரமே வயலின் வகுப்பில் காலியான இடத்துக்கு ஆசிரியையின் அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள். "பார்த்தியா? இதுக்குத்தான் உன் கையை அளந்திருக்கா" என்றாள் அம்மா.

நீளக்கைக்கு அது மனதில் தைத்துவிட்டது. உண்மையில் அவளுக்கு வியோலா பிடித்திருந்தது. அடித் தந்தியில் முதல்முதலாக வில்லைப் போட்டபோது ஓசை தாடை வழியாக இறங்கி நெஞ்செலும்பில் வந்து நின்றது. வயலினில் அப்படி ஒரு நாளும் ஆனதில்லை. ஆனாலும் தன்னை நல்லதற்காக மாற்றினார்களா, இடம் காலி பண்ணுவதற்காக மாற்றினார்களா என்ற கேள்வி போகவில்லை. அதற்குப் பிறகு யாராவது அவளைப் பாராட்டினால், முதலில் அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு, இவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று யோசிப்பாள்.

பயிற்சி என்றால் சாதாரணப் பயிற்சி இல்லை. காலையில் ஸ்வர வரிசை, பகலில் வகுப்பு, சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஸ்வர வரிசை. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கடி சுவரைத் தட்டுவார். குளியலறைச் சுவருக்கு அப்பால் யாரும் இல்லை. ஓயாமல் வாத்தியத்தை அழுத்தி அழுத்திக் கழுத்தின் இடது பக்கம், தாடைக்குக் கீழே, செம்பழுப்பாக ஒரு தழும்பு விழுந்தது. வயலினோ வியோலாவோ வாசிக்கிற எல்லோருக்கும் விழுவதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த அத்தை அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. பொண்ணு பாட்டு கிளாஸுக்குத்தான் போறாளா?"

அம்மா அன்றைக்கும் மகள் பக்கம்தான் நின்றாள். "வியோலாவை எடுத்துட்டு வாடி. அத்தை கழுத்துல வெச்சுக் காட்டு" என்றாள். அத்தை அரை மணி நேரம் வாத்தியத்தைத் தாடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்து சிவந்த பிறகுதான் காபி வந்தது.

இசைக்கல்லூரி முடிந்ததும் தேர்வுக்காலம் தொடங்கியது. இசைக்குழுக்களில் ஓர் இடம் காலியானால் அதற்கு ஊர்ப்பட்ட பேர் வருவார்கள். வாசிப்பவர் யார் என்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக நடுவில் திரை கட்டியிருப்பார்கள். செருப்பின் ஓசையை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாதாம், அதற்காகத் தரையில் கம்பளம். பேசக் கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமானால், பக்கத்தில் நிற்கும் உதவியாளரின் காதில் கிசுகிசுக்க வேண்டும். இவ்வளவு ஏற்பாட்டையும் பார்த்து மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. நீளக்கைக்கு, இவ்வளவு பூட்டு போடுகிறார்கள் என்றால் முன்பு எவ்வளவு திருட்டு நடந்திருக்கும் என்று தோன்றியது. ஒரு முறை தனக்கு முன்னால் போனவன் வாசிப்பதற்கு முன் சன்னமாக இருமியதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். அவனுக்கே இடம் கிடைத்தது. "இருமல்தான்டா சிக்னல்" என்று தம்பியிடம் அடித்துச் சொன்னாள்.

"அவனுக்குச் சளி பிடிச்சிருக்கும்கா" என்றான் தம்பி. அவன் டவுன் பஸ் ஓட்டினான்.

"கோடைக்காலத்துல என்னடா சளி?"

குழந்தைகளுக்கு வகுப்பு எடுத்தாள். ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் வாசித்தாள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கடைசி நேரத்தில் கூப்பிடுவார்கள், ஓடுவாள். முப்பதைத் தாண்டிய பிறகு, கிட்டத்தட்ட இருபது பேர் கொண்ட ஒரு சிறிய இசைக்குழுவிலிருந்து அழைப்பு வந்தது. திரைக்குப் பின்னால் வாசித்தாள், தேர்ந்தெடுத்தார்கள். தம்பிக்கு ஃபோன் போட்டு, அந்தக் குழுவுக்கு முன்னால் நின்று கையசைத்து நடத்தும் கண்டக்டர் கிடையாது, முதல் வயலின்காரரைப் பார்த்து எல்லோரும் தாங்களாகவே சேர்ந்து வாசிப்பார்கள் என்றாள்.

"கண்டக்டர் இல்லாம வண்டியா? விசில் யார் கொடுப்பா?"

"யாரும் கொடுக்க மாட்டாங்க. பக்கத்துல இருக்கறவங்க மூச்சைக் கேட்டு, வில்லைப் பார்த்து எடுக்கணும்."

"அப்போ பக்கத்துல இருக்கறவன் ஒழுங்கா இருக்கணும்" என்றான் தம்பி.

அதில்தான் சிக்கல் வந்தது. வேலை உடனே உறுதியாகவில்லை. ஒரு வருஷம் அவர்களோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கடைசியில் குழுவினர் எல்லோரும் கூடிக் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். அதுவரை யாரும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள், இல்லை என்றும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஒத்திகைக் கூடத்தில் அவளைக் கண்டதும் பேச்சு ஒரு கணம் நிற்பது போலவும் பிறகு வேறு விஷயத்தில் தொடர்வது போலவும் அவளுக்கு இருந்தது. பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினால், கடைசியில் அனுப்பப் போகிறவளுக்குக் காட்டும் கருணையோ என்று நினைத்தாள்.

வியோலாக்காரர்கள் நான்கு பேர். முன்னால் பிரிவுத் தலைவியும் இன்னொருவரும். பின்னால், இசைத்தாள் வைக்கும் ஒரே ஸ்டாண்டைப் பகிர்ந்துகொண்டு, இவளும் ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதரும். அவரை எல்லோரும் 'பஞ்சு சார்' என்றார்கள். இடது காதில் எப்போதும் ஒரு வெள்ளைப் பஞ்சு உருண்டை இருக்கும். முன்பு ஒரு பெரிய குழுவில் காதைப் பிளக்கும் டிரம்பெட்டுகளுக்கு முன்னால் பல வருஷம் உட்கார்ந்தவராம், அதிலிருந்து பழக்கமாம்.

இந்தக் குழுவில் டிரம்பெட்டே கிடையாது. தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். புதியவளின் வாசிப்பு எல்லோர் காதிலும் விழட்டும் என்று நீளக்கையைச் சபையோரம் உட்கார வைத்திருந்தார்கள். பஞ்சு சார் உள்பக்கம், அவளுக்கு வலது பக்கத்தில். ஆகவே அவருடைய இடது காதுக்கு நேரே இருந்தது நீளக்கையின் வியோலா மட்டும்தான்.

"என் பக்கத்துக் காதுலடா பஞ்சு வெச்சிருக்கார்" என்று தம்பியிடம் சொன்னாள்.

"சொல்லாம சொல்றார்கா."

"அதைத்தான் நானும் நினைக்கிறேன்."

பஞ்சு போதாதென்று அவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தை அல்ல, வலது கையை, வில்லை. ஒவ்வொரு பகுதி தொடங்குவதற்கு முன்பும் அந்தக் கண் வந்து வில்மேல் உட்காரும். பொதுவான தாளில் சில இடங்களுக்கு மேலே பென்சிலால் சின்ன மூக்குக் கண்ணாடிப் படம் போட்டு வைப்பார். கவனம் என்பதற்கு வாத்தியக்காரர்கள் போடும் அடையாளம் அது. அந்த இடங்களை அவள் தனியாக வாசித்துப் பார்த்தாள்; கஷ்டமே இல்லை. அப்படியானால் தான் தப்பு செய்கிற இடங்கள் என்று யாருக்கோ காட்டத்தான் குறிக்கிறாரா? ஒவ்வொரு கண்ணாடியையும் இன்னும் கவனமாக வாசித்தாள். கண்ணாடிகள் கூடிக்கொண்டுதான் போயின.

ஒரு நாள் ஒத்திகை இடைவேளையில் அவர் வந்து நின்றார். "அம்மா, ஒரு உதவி. குனிஞ்சு பக்கம் திருப்பித் திருப்பி முதுகு பிடிச்சுக்குது. நான் வெளிப்பக்கம் உட்கார்ந்துக்கறேன். நீங்க உள்ளே வந்துடறீங்களா?"

உள்பக்கம் உட்காருகிறவர்தான் தாளைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது இரண்டொரு ஸ்வரம் போகும். சபைக்கும் தெரியாது, குழுவுக்கும் சரியாகக் கேட்காது. ஓட்டுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. மாட்டேன் என்று சொன்னால், முதுகுவலிக்காரரிடம் இரக்கம் இல்லாதவள் என்று பேர் வரும்.

"சரி சார்" என்றாள்.

இடம் மாறி உட்கார்ந்த மூன்றாவது ஒத்திகையில்தான் அவள் அதைக் கவனித்தாள். பஞ்சு அதே காதில் இருந்தது. இப்போது அவள் இருந்தது அவருடைய வலது பக்கம். இடது பக்கத்தில் சபையின் காலி நாற்காலிகளும் சுவரும்தான். அவள் வாசிப்பைக் கேட்கக் கூடாதென்று வைத்த பஞ்சாக இருந்தால், அது காது மாறியிருக்க வேண்டாமா?

அன்று சாயங்காலம் தாழ்வாரத்தில், காபி இயந்திரத்துக்கு முன்னால், அவருடைய இடது பக்கமாகப் போய் நின்று சாதாரணக் குரலில், "சார், உங்க ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு" என்றாள். அவர் காபி நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வந்து வலது பக்கம் நின்று அதையே இன்னும் மெதுவாகச் சொன்னாள். உடனே குனிந்தார். லேஸ் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது.

கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அவர் குழம்பிப்போய் இரண்டு ஷூவையும் தொட்டுப் பார்ப்பதைக் கண்டதும் அவளுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் காது போய்விட்டது. பஞ்சு அதற்குத் திரை. வில்லைப் பார்த்தது வேவு பார்க்க இல்லை, எப்போது தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. கண்ணாடிப் படங்கள், காதை நம்ப முடியாத இடங்கள். இடம் மாறியது, நல்ல காதை அவள் பக்கம் வைத்துக்கொள்ள. இத்தனை நாளும் அந்த மனிதர் அவள் வில்லைப் பிடித்துக்கொண்டுதான் நடந்திருக்கிறார்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தொடங்கும் இடங்களில் வில்லைக் கொஞ்சம் முன்னதாக, கொஞ்சம் உயரமாகத் தூக்க ஆரம்பித்தாள். மூச்சையும் சற்றே கேட்கிற மாதிரி இழுத்தாள். ஒரு வாரத்தில் அவர் வாத்திய அறையில் அவளைத் தனியாகப் பிடித்தார். தந்தியில் படிந்த பிசின் தூளைத் துணியால் துடைத்தபடியே கேட்டார்.

"வில்லை ஏன் இப்போ அவ்வளவு உசரத்துக்குத் தூக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

"சும்மா இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு." துணியை மடித்தார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"ஓட்டு வேணும்ல?"

"வேணும்தான். ஆனா இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல சார்."

"என் வாயை அடைக்கறீங்களா, உங்க வாய்க்கு விலை சொல்றீங்களான்னு எனக்குப் புரியலை. ஒண்ணுமே வேண்டாதவங்க இந்தத் தொழில்ல யாரும்மா இருக்காங்க?"

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் இடத்தில் இருந்திருந்தால் தானும் இதையேதான் கேட்டிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஓட்டெடுப்பு நாளன்று எதிர்க்கடையில் டீயை ஆறவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். பிரிவுத் தலைவி தெருவைக் கடந்து வந்து, "எழுந்து வாங்க. இனிமே நீங்க நம்ம ஆளு" என்று தோளில் தட்டினார். உள்ளே எல்லோரும் கை கொடுத்தார்கள். பஞ்சு சாரை மட்டும் காணோம்.

அம்மா அழுதாள். தம்பி அன்று பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நேராக வந்து ஒரு கேக்கை வெட்டினான். நீளக்கை சிரித்தாள், சாப்பிட்டாள். உள்ளே ஒரே ஒரு எண்ணம்தான் அரித்துக்கொண்டிருந்தது. அவர் பயந்துபோய் எல்லோரிடமும் எனக்காகப் பேசினாரா? நான் வாசித்து வந்தேனா, மிரட்டி வந்தேனா?

அதைக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவரிடம் கேட்க முடியாது.

அதற்குப் பிறகு பல வருஷம் இருவரும் ஒரே ஸ்டாண்டில் வாசித்தார்கள். அடங்கிய ஓசையில் மெதுவாகத் தொடங்கும் இடங்களில் அவர்களுடைய இரண்டு வில்லும் ஒரே கை பிடித்தது போல் இறங்கும். ஒரு வயலின்காரர், "நீங்க ரெண்டு பேரும் வீட்டுலயும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பீங்களா?" என்றே கேட்டுவிட்டார். ஆனால் மேடையிலிருந்து இறங்கினால் வணக்கம், வரேன் அவ்வளவுதான். ஒரு டீ கூடச் சேர்ந்து குடித்ததில்லை. அவள் பிரிவுத் தலைவியிடம் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசினால், அவர் தூரத்திலிருந்து உதடுகளையே பார்ப்பார். அவர் சிரித்துப் பேசினால், இப்போது எதற்குச் சிரிக்கிறார் என்று அவள் பார்ப்பாள்.

பிறகு ஒரு நாள் குழுவின் மேனேஜர் ஒத்திகைக்கு நடுவில் வந்து, குழுவினர் எல்லோரும் காது டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். "உங்க நன்மைக்குத்தான். வாத்தியக்காரங்களுக்குக் காதுதானே சொத்து."

பஞ்சு சார் எழுந்தார். வியோலாவை நாற்காலியில் வைத்தார். "எல்லாருக்கும் எதுக்கு? ஒருத்தனுக்குத்தானே இந்த ஏற்பாடு" என்றார். பிறகு நீளக்கை பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷம் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டேன். நல்லா செஞ்சீங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "சார், நான் சொல்லலை" என்றாள். அந்தக் கூடத்தில் அவள் குரல் அவளுக்கே பொய் போலக் கேட்டது. அவர் பரிசோதனைக்குப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டார்.

சில நாள் குழுவில் அவளிடம் யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் பிரிவுத் தலைவிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மனசுல வெச்சுக்காதீங்க. அவருக்கு எப்பவும் சந்தேகம். உங்க ஓட்டு அன்னைக்கே அப்படித்தான், பல் டாக்டரைப் பார்க்கணும்னு சொல்லிட்டுக் கிளம்பிப் போயிட்டார்."

"ஓட்டுப் போடலையா?"

"போடவே இல்ல. அதுக்கு முன்னாடியும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. மத்த எல்லாரும் கை தூக்கினோம், அவ்வளவுதான். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ சாதாரணமாகக் குனிந்து எடுத்துப் போட்டது போல் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அடுத்ததும் புரிந்தது. எதிர்த்துக் கை தூக்கி அவளை அனுப்பியிருக்கலாம், ரகசியமும் அவளோடு வெளியே போயிருக்கும். பயந்து ஆதரித்திருக்கலாம், அது லஞ்சம். இரண்டும் வேண்டாமென்று அந்த மனிதர் வெளியே நடந்திருக்கிறார்.

மறுநாள் அவர் வீட்டைத் தேடிப் போனாள். இரண்டாவது மாடி. தபால் ஆபீஸ் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கதவைத் திறந்தார். யார் என்று சொன்னதும், வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். சத்தியமா நான் சொல்லலை."

"தெரியும்" என்றார் அந்த அம்மாள். "நான்தான் சொன்னேன்."

"நீங்களா? ஏன்கா?"

"ரோட்டைக் கடக்கிறோம். லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான், இந்த மனுஷன் பாட்டுக்குப் போறார். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், பட்டனெல்லாம் தெறிச்சுது. இப்படியே வாசிச்சா இருக்கற ஒரு காதும் போயிடும்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டார். கேட்டாதானே? அதான் மேனேஜருக்கு ஃபோன் பண்ணினேன். பேரைச் சொல்லாம செய்யுங்கன்னேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்கதான்னு அவரா முடிவு பண்ணிட்டார். நான் வாயைத் திறக்கலை." அந்த அம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினார். "நான்னு தெரிஞ்சா இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் இருக்க முடியாதும்மா. பழி உங்க மேலன்னா, நாலு திட்டு திட்டிட்டுச் சாப்பிட்டுத் தூங்கிடறார். கேட்கக் கூடாதுதான். ஆனா கேட்கிறேன்."

பழக்கதோஷத்தில் நீளக்கை அந்த முகத்தையே பார்த்தாள். மேனேஜரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாரா? பிரிவுத் தலைவியையா? சொல்வது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம்? சுற்றி இறுகிய முந்தானைக்குள் அந்த விரல் வெளுத்துப்போயிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு?"

"மேல் வீட்டைத் தேடி வந்திருக்காங்க" என்று அந்த அம்மாள் கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"சரிக்கா" என்றாள் நீளக்கை மெதுவாக. "நான் சொன்னதாவே இருக்கட்டும்."

தம்பி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "உனக்கென்ன தலையெழுத்தா? ஊர்ப் பழியெல்லாம் நீ சுமக்கணுமா?" குழுவிலும் அந்தப் பேர் அவளை விட்டுப் போகவில்லை. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சிலர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து வாத்தியம் பழுது பார்க்கும் கடையில் பஞ்சு சாரைப் பார்த்தாள். வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. காதில் பஞ்சு இல்லை. அவள் உள்ளே வந்ததைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி, கடைக்காரரிடம், "இவங்க இருக்கும்போது எதையும் பேசாதீங்க. ஊர் முழுக்கத் தமுக்கு அடிச்சிடுவாங்க" என்றார். கடைக்காரர் சங்கடமாகச் சிரித்து, திறந்திருந்த மேசை டிராயரை மூடினார்.

அவள் வில்லுக்குப் புது மயிர் கட்டக் கொடுத்துவிட்டு, ஒரு ஓரமாக நின்றாள். உள்ளறையில் கடைக்காரரின் மனைவி யாரிடமோ ஃபோனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டே, நடுவில் அதே குரலில் கணவரைக் கூப்பிட்டார். பஞ்சு சார் கடைக்காரரைத் தொட்டு, "உங்க வீட்டுல உங்களைக் கூப்பிடறாங்க பாருங்க" என்றார். கடைக்காரருக்கே அது கேட்டிருக்கவில்லை.

அன்று இரவு நீளக்கை தம்பிக்கு ஃபோன் செய்தாள்.

"திட்டினாராக்கா?"

"நல்லாத் திட்டினார்" என்றாள். "வலது காது நல்லாவே கேட்குதுடா அவருக்கு."